மில் வழக்கில அப்பீல் போட்டு வெண்டது: ஒரு பதிவுத்தபால் துண்டுதான் காப்பாத்தினது

இலங்கையில பரந்தன் பக்கம் ஒரு அரிசி மில்லில கனகாலம் வேலை செய்தனான். ஒருநாள் முதலாளி ஃபோன் எடுத்து "இனி வரவேண்டாம்" எண்டார். கடிதம் ஒண்டும் தரேல்லை. இப்பிடி வேலையால நிப்பாட்டினால் 6 மாசத்துக்குள்ள தொழில் நியாய சபையில (தொழிலாளி வழக்குகளை விசாரிக்கிற இடம்) விண்ணப்பம் போடோணும், போட்டாச்சு.

விசாரணையில முதலாளி சொன்னது, "நான் நிப்பாட்டேல்லை, அவர் தானா விட்டுட்டுப் போனவர்." இதைக் கவனமா விளங்கிக்கொள்ளுங்கோ. நிப்பாட்டினதை முதலாளி ஒத்துக்கொண்டால் அது நியாயம் எண்டு காட்டவேண்டியது அவர், நிப்பாட்டவே இல்லை எண்டால் நிப்பாட்டினதை நாங்கள்தான் நிரூபிக்கோணும். வாயால மட்டும் சொல்லி அனுப்பின தொழிலாளி எதைக் கொண்டுபோய் காட்டுறது?

என்னட்ட ஒண்டு இருந்தது. அடுத்த கிழமையே "திரும்ப வேலைக்கு எடுங்கோ" எண்டு பதிவுத்தபாலில கடிதம் போட்டனான், கொப்பியும் தபால்கந்தோர் துண்டும் வழக்கு பைலில கிடந்தது. தானா விட்டுட்டுப் போறவன் வேலை கேட்டு கடிதம் போடுவானே? ஆனா நியாய சபை முடிவா குடுத்த கட்டளையில அதைப்பற்றி ஒரு வரி இல்லை. விண்ணப்பம் தள்ளுபடி.

அப்பீல் மாகாண மேல் நீதிமன்றத்துக்கு, கட்டளை வந்து 30 நாளுக்குள்ள. கட்டளையின்ர கொப்பி எடுக்கிறதுதான் பெரிய பாடு. கந்தோரில இருந்தவர் டைப் அடிக்கேல்லை, அடுத்த கிழமை வாங்கோ எண்டார், போனால் ஆள் லீவு, பக்கத்து மேசைக்காரருக்கு பைல் எங்க எண்டே தெரியாது, ஏ9 ரோட்டில பஸ்ஸுக்கு நிண்டு திரும்பி வாறது, நாள் மட்டும் ஓடிக்கொண்டிருக்கு. கடைசியா லோயர் அக்கா சொன்னா, "தம்பி, வாயால கேக்காதேங்கோ, எழுதிக் குடுத்து உங்கட கொப்பியில திகதியோட சீல் அடிச்சு வாங்குங்கோ." அப்பிடிக் குடுத்த அண்டைக்கே பின்னேரம் கொப்பி கையில!

மேல் நீதிமன்றத்தில திரும்ப சாட்சி விசாரிக்கமாட்டினம், சட்டப்பிழை இருந்தால்தான் பாப்பினம். முதலாளி பொய் சொன்னவர் எண்டு அங்க போய் அழுது வேலையில்லை. முக்கியமான சான்று ஒண்டை பார்க்காமலே முடிவெடுத்ததும் சட்டப்பிழைதான் எண்டு அக்கா அதை மட்டும் பிடிச்சு வாதாடினா. கட்டளை ரத்தாகி நட்டஈடு குடுக்கச் சொல்லி தீர்ப்பு வந்தது, வெளியால வந்து அம்மாவுக்கு ஃபோன் எடுத்தனான், கதைக்க குரல் வரேல்லை.

நியாய சபையிலயே வெண்ட ஆக்களுக்கு ஒண்டு. முதலாளி அப்பீல் போடுறதெண்டால் தரச்சொன்ன காசை முதலே பிணையா கட்டோணும். கட்டினவரோ எண்டு லோயரை பார்க்கச் சொல்லுங்கோ. அங்கால உச்ச நீதிமன்றமும் இருக்கு, என்ர முதலாளி அதுக்குப் போகேல்லை.

இந்த வழக்குக்கு பேப்பர் சேர்க்கேக்கதான் இன்னொண்டும் தெரிஞ்சுது, முதலாளி சம்பளத்தில ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) எண்டு 8 வீதம் வெட்டினவர், தன்ர 12 வீதத்தோட சேர்த்து சில வருசம் கட்டவே இல்லை. அதுக்கு லேபர் ஒஃபிஸில தனி முறைப்பாடு குடுத்திருக்கிறன், இந்தமுறை முதல்நாளே சீல் வாங்கியாச்சு.