முன்பணத்துக்கு முன்பே பேச வேண்டியவை

இணையதளம் வடிவமைத்துத் தரச் சொல்லி வருகிறவர்களிடம், முன்பணம் பேசுவதற்கு முன்பே ஒரே பக்கத்தைக் கைப்பேசியிலும் மடிக்கணினியிலும் அருகருகே திறந்து காட்டிவிடுகிறேன். பெரிய திரையில் அருகருகே நிற்கும் பத்திகள் சிறியதில் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கியிருக்கும். மெனு மூன்று கோடுகளுக்குள் ஒளிந்திருக்கும். "இது பிழை அல்ல, இப்படித்தான் இருக்க வேண்டும்" என்று அப்போதே சொல்லிவிட்டால், பிறகு நள்ளிரவில் ஸ்கிரீன்ஷாட் வராது. (வரும். குறைவாக வரும்.) திரைக்கேற்ப வளைந்துகொடுக்கும் இந்த முறைக்கு 'ரெஸ்பான்சிவ் வெப் டிசைன்' என்று வலை வடிவமைப்பாளர் ஈத்தன் மார்க்காட் பெயர் சூட்டியது 2010இல். இன்னமும் அச்சடித்த நோட்டீஸ் போல எல்லாத் திரையிலும் அச்சு அசலாக வேண்டும் என்பவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்த தகராறு வண்ணம். வெள்ளைப் பின்னணியில் வெளிர்சாம்பல் எழுத்து நாகரிகமாகத்தான் இருக்கும், படிக்கத்தான் முடியாது. சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே ஒளி வேறுபாடு குறைந்தது 4.5:1 வேண்டும் என்கிறது, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் அணுகல் வழிகாட்டி (மாற்றுத்திறனாளிகளும் தளத்தைப் பயன்படுத்துவதற்கானது). எண்ணைக் காட்டினால் ரசனைச் சண்டை பாதி அடங்கிவிடுகிறது.

கூகுளில் முதலிடம்? யாராலும் உத்தரவாதம் தர முடியாது. கூகுளே அப்படித்தான் சொல்கிறது.

திருத்தம் எத்தனை சுற்று, எழுத்தும் படமும் யார் தருவது, என்றைக்குள் என்பதெல்லாம் ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். தளம் தாமதமாவது பெரும்பாலும் வடிவமைப்பால் அல்ல. 'எங்களைப் பற்றி' பக்கத்துக்கான நான்கு வரி வந்து சேராததால்தான். நினைவூட்டினால், "நீங்களே ஏதாவது எழுதிப் போடுங்களேன்" என்பார்கள். எழுதிப் போட்டால், "எங்கள் நிறுவனம் அப்படி இல்லையே" என்பார்கள்.