அக்கிலிஸ் வலியோடு 12 வாரம்

கெண்டைச்சதை கீழே போகப்போக ஒடுங்கி, கயிறுபோல் திரண்டு குதிகால் எலும்பில் ஒட்டிக்கொள்ளும். அந்தக் கயிறுதான் அக்கிலிஸ் தசைநாண். பேச்சுவழக்கில் ‘குதிகால் நரம்பு’ என்கிறோம், ஆனால் அது நரம்பு இல்லை. அங்கே வலி வந்தவுடன் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: ஓட்டத்தை நிறுத்தவா, வேண்டாமா? துள்ளுவதைக் குறைக்க வேண்டும், பாரம் தாங்குவதை நிறுத்தக் கூடாது என்பதே பதில்.

முழு ஓய்வு முதலில் நன்றாகத்தான் இருக்கும். இரண்டு மூன்று வாரத்தில் வலி அடங்கிவிடும். அதற்குள் கெண்டைச்சதை வலுவிழந்திருக்கும், தசைநாணின் தாங்கும் திறனும் இறங்கியிருக்கும். பழைய 5 கிலோமீட்டரை அப்படியே தொடங்கினால் ஓரிரு நாளில் வலி திரும்பி வரும். பலர் இந்தச் சுற்றிலேயே ஒரு வருடத்தைத் தொலைக்கிறார்கள்.

பயிற்சியைத் தொடங்குமுன் இது அந்த வலிதானா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ‘யாரோ பின்னாலிருந்து உதைத்தது போல’ திடீரென்று வந்து, அதன்பின் ஒற்றைக் காலில் குதிகாலைத் தூக்கவே முடியவில்லை என்றால் தசைநாண் அறுந்திருக்கலாம். கட்டிலில் குப்புறப் படுத்து, பாதத்தை விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டு, கெண்டைச்சதையை ஒருவர் பிழிந்து பார்க்கட்டும். பாதம் தானாக நீள வேண்டும். அசையவில்லையா, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின், லெவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் எடுத்துக்கொண்டிருக்கும்போதோ, அதை முடித்த சில வாரங்களிலோ வலி வந்தாலும் பயிற்சி கூடாது. அவை தசைநாணைப் பலவீனப்படுத்தி அறுந்துபோகவும் வைக்கும். 60 வயதைத் தாண்டியவர்களுக்கும் ஸ்டீராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கும் அபாயம் அதிகம். மருந்து கொடுத்த மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள். இரண்டு கால் தசைநாணும் கட்டிகட்டியாகத் தடித்திருந்தால் அது கொலஸ்ட்ரால் படிவாக இருக்கலாம், இரத்தப் பரிசோதனை அவசியம்.

அடுத்தது இடம். கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் தசைநாணைக் கிள்ளிக்கொண்டே கீழிருந்து மேலே போங்கள். எலும்பிலிருந்து 2 முதல் 6 சென்டிமீட்டர் உயரத்தில் நொந்தால் நடுப்பகுதி, எலும்போடு ஒட்டும் இடத்திலேயே நொந்தால் ஒட்டுப்பகுதி. இரண்டுக்கும் ஒரே பயிற்சியைச் செய்வதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு.

எவ்வளவு வலி வரை போகலாம்? ஸ்வீடனில் சில்பெர்னாகெல் குழு 2007-ல் வெளியிட்ட ஆய்வு இங்கே கைகொடுக்கும். 0 முதல் 10 வரையிலான அளவுகோலில், பயிற்சியின்போதும் முடிந்த பிறகும் 5 வரை வலி இருக்கலாம். மறுநாள் காலையிலும் 5-ஐத் தாண்டக் கூடாது, வாரத்துக்கு வாரம் ஏறவும் கூடாது. இந்த விதிக்குள் நின்று முதல் 6 வாரமும் ஓட்டம், குதித்தலைத் தொடர்ந்தவர்கள், அவற்றை விட்டவர்களைவிட மோசமாகிவிடவில்லை. ஆனால் அது 38 பேரை மட்டும் கொண்ட சிறிய ஆய்வு, இரு தரப்புமே வலுவூட்டும் பயிற்சியையும் செய்தார்கள். ‘ஓடிக்கொண்டே இருந்தால் சரியாகிவிடும்’ என்று அதைப் படிக்கக் கூடாது. வலியைக் குறைத்துச் சொல்லிக்கொள்ளும் பழக்கம் ஓட்டக்காரர்களுக்கு உண்டு என்பதால், 3-ஐயே கோடாக வைத்துக்கொள்ளுங்கள் என்பேன்.

ஓடும்போது வரும் வலியை நம்பவே வேண்டாம். உடல் சூடானதும் அது மறைந்துவிடும். தசைநாண் தன் கணக்கை மறுநாள்தான் சொல்லும். படுக்கையை விட்டு எழுந்து வைக்கும் முதல் பத்துத் தப்படியில் வலி எத்தனை, விறைப்பு விலக எத்தனை நிமிடம் என்று இரண்டே எண்களைத் தினமும் குறித்து வையுங்கள். நேற்று 2, இன்று 4 என்றால் நேற்றைய வேலை அதிகம். அதை மூன்றில் ஒரு பங்கு குறைக்கலாம். இரவில் வலி மாத்திரை போட்டுக்கொண்டால் இந்த எண் பொய்யாகிவிடும்.

பயிற்சிக்கு வருவோம். பிசியோக்கள் நெடுநாளாகச் சொல்லித்தருவது ஆல்ஃபிரெட்சன் முறை, 1998-ல் ஸ்வீடனிலிருந்து வந்தது. படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, நல்ல காலால் மேலே எழும்பி, வலிக்கும் காலால் மட்டும் மெதுவாகப் படிக்குக் கீழே இறங்குவது. முழங்காலை நீட்டி 15 முறை மூன்று சுற்று, சற்று மடக்கி 15 முறை மூன்று சுற்று, காலையும் மாலையும், வாரத்தில் 7 நாளும், 12 வாரம். ஒரு நாளைக்கு 180 இறக்கம். முழங்காலை மடக்குவது ஆழத்திலுள்ள சோலியஸ் தசைக்காக. அதைத் தவிர்த்தால் பாதி வேலைதான்.

180-ஐத் தினமும் செய்ய யாருக்கு நேரம்? 2015-ல் டென்மார்க்கில் நடந்த ஒப்பீட்டில், வாரம் மூன்று நாள் மட்டும் அதிகப் பாரத்தோடு நிதானமாகச் செய்தவர்களுக்கும் அதே பலன் கிடைத்தது. வேலைக்குப் போகிறவர்களுக்கு இதுவே சரி. குதிகாலைத் தூக்க மூன்று விநாடி, இறக்க மூன்று விநாடி. முதல் வாரம் 15 முறை, மூன்று சுற்று. பிறகு பாரத்தைக் கூட்டிக்கூட்டி எண்ணிக்கையை 12, 10, 8, கடைசி வாரங்களில் 6 வரை இறக்க வேண்டும், சுற்றுகள் நான்காகும். சுற்றுக்கு நடுவே இரண்டு மூன்று நிமிட ஓய்வு. வீட்டில் என்றால் முதுகுப்பையில் 5 கிலோ அரிசிப் பை ஒன்று, பிறகு இரண்டு. அதற்கு மேல் தோள்தான் முதலில் கெஞ்சும், அப்போது ஜிம்மில் காலால் பாரத்தைத் தள்ளும் லெக் பிரஸ் இயந்திரத்துக்குப் போவது நல்லது. இருகாலால் தொடங்குவதில் தவறில்லை, ஆனால் நல்ல கால் சத்தமில்லாமல் பாரத்தை வாங்கிக்கொள்ளும். ஓரிரு வாரத்தில் ஒற்றைக் காலுக்கு மாறிவிட வேண்டும். சுவரில் விரல் நுனி மட்டும் பட்டால் போதும். வேகமாகத் துள்ளித்துள்ளிச் செய்வது, சுண்டுவிரல் பக்கம் கால் சாய்வது, உச்சிவரை போகாமல் பாதியில் இறங்குவது, இவை மூன்றும் பலனைத் தின்றுவிடும்.

ஒட்டுப்பகுதி வலிக்காரர்கள் படிக்குக் கீழே இறங்கவே கூடாது. பாதம் மேல்நோக்கி மடங்கும்போது தசைநாண் குதிகால் எலும்பின் மேல் அழுந்துகிறது, வலியைக் கிளப்புவதே அந்த அழுத்தம்தான். அவர்களுக்குச் சமதரையிலேயே பயிற்சி. இதே காரணத்தால் சுவரைத் தள்ளிக்கொண்டு கெண்டைச்சதையை நீட்டுவது, குந்தி உட்கார்ந்து கோலம் போடுவது, சூரிய நமஸ்காரத்தில் இடுப்பைத் தூக்கிக் குதிகாலைத் தரையில் அழுத்தும் நிலை எல்லாவற்றையும் சில வாரம் ஒதுக்கி வையுங்கள். டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடப்பதும், தேய்ந்துபோன தட்டைச் செருப்பும் உதவாது. குதிகால் பக்கம் ஒரு சென்டிமீட்டர் உயர்ந்த செருப்போ, இரண்டு ஷூவிலும் சம உயரத்தில் வைக்கும் குதிகால் பட்டையோ நல்ல மாற்றத்தைத் தரும். பயிற்சியைவிட இந்த நாள்பூராப் பழக்கங்களைத் திருத்தியே பலருக்கு முதல் நிம்மதி கிடைக்கிறது.

ஓட்டத்தில் முதலில் வெட்ட வேண்டியவை மேட்டு ஏற்றம், வேக ஓட்டம், கயிறு தாண்டுதல், பேட்மின்டன். சமதரையில் மெதுவான ஓட்டம் மறுநாள் காலை வலி எண் ஏறாதவரை இருக்கட்டும், ஒரு நாள் விட்டு ஒரு நாள். கடினமான வேலைக்குப் பிறகு ஒரு நாள், ஒன்றரை நாள் வரை தசைநாணை ஆக்கும் புரதமான கொலாஜன் உருவாவதைவிடச் சிதைவது அதிகம். தினமும் அடித்தால் அந்தப் பற்றாக்குறைமீதே அடிக்கிறோம். ஓட முடியாத நாளில் சைக்கிள் ஓட்டலாம், பெடலில் நடுப்பாதம் படட்டும்.

ஓட்டத்தை முழுவதும் விட்டவர்கள், 30 நிமிட வேகநடை மறுநாள் எண்ணை ஏற்றாத கட்டத்தில் ஒரு நிமிட ஓட்டம், இரண்டு நிமிட நடை என்று 8 முறை தொடங்கலாம். முதலில் தூரம், பிறகு வேகம், கடைசியில்தான் மேடு.

ஸ்டீராய்டு ஊசிக்கு அவசரப்பட வேண்டாம். வலி சட்டென்று போகும், தசைநாண் அறுபடும் அபாயம் பின்னாலேயே வரும்.

முதல் மூன்று வாரம் ஒன்றும் மாறாது. பெரும்பாலானோர் கைவிடுவது அங்கேதான். 6-வது வாரம் வாக்கில் காலை விறைப்பின் நிமிடங்கள் குறையத் தொடங்கும், வலியின் எண் அதற்குப் பிறகுதான் இறங்கும். 12 வாரத்தில் நிறையப் பேருக்கு ஓட்டம் திரும்பிவிடும், சிலருக்கு ஆறு மாதம், ஒரு வருடம்கூட ஆகும். மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தும் எண் நகரவே இல்லை என்றால் எலும்பு மூட்டு மருத்துவரைப் பாருங்கள். வலி போன பிறகும் தசைநாணின் தடிப்பு அப்படியே இருக்கலாம், ஸ்கேனிலும் தெரியும். அதைப் பார்த்து ஓட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை. வாரம் இரண்டு நாள் பாரப் பயிற்சி மட்டும் தொடரட்டும், வலிக்கும் கால் ஒற்றையாக எழும்பும் எண்ணிக்கை நல்ல காலைத் தொடும்வரை.