தாங்யுவான்: முதற் பூரணையின் எள் உருண்டை

சீனப் புத்தாண்டுக் கொண்டாட்டம் முதல் மாதத்தின் பதினைந்தாம் நாள், பூரணை இரவில் விளக்கேற்றுவதோடுதான் நிறைவுபெறுகிறது. 2025இல் அது பெப்ரவரி 12. இலங்கையில் பௌத்தர்களின் பூரணை நாளான நவம் போயாவும் அன்றுதான். விழாவின் பெயர் யுவான்சியாவ். யுவான் என்றால் முதல், சியாவ் என்றால் இரவு. ஹான் வம்ச காலத்து வான்வழிபாட்டையும் பின்னர் வந்த பௌத்த விளக்கேற்றலையும் இதன் மூலமாகச் சொல்வார்கள். அன்று உண்ணும், கொதிநீரில் மிதக்கும் அரிசிமா உருண்டையைச் சுங் காலத்துக் கவிஞர் சௌ பிதா (1126–1204) பாடியிருக்கிறார்.

அந்த உருண்டை வடக்கே யுவான்சியாவ், தெற்கே தாங்யுவான். பெயர் மட்டுமல்ல, செய்முறையும் வேறு. வடக்கில் பூரணத்தைத் துண்டாக்கி, நனைத்து, உலர்ந்த மாவில் திரும்பத் திரும்ப உருட்டுவார்கள். தெற்கில் நம் கொழுக்கட்டைபோல மாவைக் கிண்ணமாக்கிப் பூரணத்தை வைத்து மூடுவார்கள். வீட்டுக்குத் தெற்கத்தி முறையே இலகு.

ஆனால் கொழுக்கட்டை மா இதற்கு உதவாது. சாதாரண அரிசியில் அமிலோஸ் என்ற மாச்சத்து உண்டு. வெந்து ஆறினால் இறுகிவிடும். பசையரிசியில் அது இல்லையென்றே சொல்லலாம். அந்த இழுவை அதனால்தான் வருகிறது. தாய்லாந்துப் பசையரிசி மா பக்கற்றாகக் கிடைக்கும். வாங்கும்போது பெயரைச் சரிபாருங்கள். பக்கத்திலேயே சாதாரண அரிசி மாவும் இருக்கும்.

இருபது உருண்டைக்குக் கறுப்பு எள் 80 கிராம், சீனி 50, பட்டர் 50. கறுப்பு எள் வறுபட்டது நிறத்தில் தெரியாது. ஒரு சிட்டிகை வெள்ளை எள்ளையும் சேர்த்து வறுங்கள். அது பொன்னிறமானால் இறக்கலாம். கருகினால் பூரணம் முழுக்கக் கசக்கும். ஆறவிட்டுச் சீனியோடு அரைத்து, பட்டரைப் பிசைந்து, குளிரவைத்து, இருபதாக உருட்டி ஒரு மணிநேரம் உறையவிடுங்கள். தேங்காயெண்ணெய் வேண்டாம்: கொழும்பு வெக்கையில் அது உருகியேதான் இருக்கும், மூடும்போது பூரணம் கசியும். சீனாவில் மரபாகச் சேர்ப்பது பன்றிக் கொழுப்பு. கடையில் உறையவைத்து விற்பதிலும் அது இருக்கலாம். சைவ உணவுக்காரரும் முஸ்லிம்களும் உறையைப் படித்தே வாங்க வேண்டும்.

மா 200 கிராமுக்கு இளஞ்சூடான நீர் 170 மில்லிலீற்றர் அளவில், சிறிது சிறிதாக. காதுமடல் மென்மை வந்தால் போதும். மாவில் குளுட்டன் என்ற பிணைக்கும் புரதம் இல்லாததால் நீர் குறைந்தால் உடனே வெடிக்கும். விரலை நனைத்துத் தடவிச் சேருங்கள். உறைந்த பூரண உருண்டைகளை நாலைந்தாக மட்டும் வெளியே எடுத்து மூடுங்கள்.

நன்றாகக் கொதிக்கும் நீரில் போட்டு, அகப்பையின் முதுகால் மெல்லத் தள்ளுங்கள்; இல்லாவிட்டால் அடியில் ஒட்டிக் கிழியும். மிதந்ததும் நெருப்பைத் தணித்து, அரைக் கோப்பை குளிர்நீர் விடுங்கள். மீண்டும் கொதித்தபின் இரண்டு நிமிடம். ஓயாமல் தளதளவென்று கொதித்தால் உள்ளே வேகுமுன் வெளித்தோல் கரைந்துவிடும். உறைந்த உருண்டையை இளகவிடாமல் அப்படியே போட வேண்டும்.

இஞ்சி 30 கிராமைத் தட்டி அரை லீற்றர் நீரில் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, கித்துள் (கூந்தற்பனை) கருப்பட்டி 50 கிராம் கரைத்து வடித்தால் அருமையான சாறு. எள்ளோடு கித்துள் அவ்வளவு பொருந்துகிறது! உள்ளிருக்கும் எள் நெடுநேரம் கொதிசூட்டில் இருக்கும். முதலில் சிறிதாகக் கடியுங்கள். ஒட்டும் பண்டம் தொண்டையில் அடைக்கும் என்பதால், சிறுபிள்ளைகளுக்கு முழு உருண்டை கொடுக்கவே கூடாது. முதியோருக்குக் கால்வாசியாக வெட்டிக் கொடுங்கள்.