அப்பாவும் கூத்துப் பாட்டும்

அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்து நான்கு மாதம். வலக்கை மெல்ல அசையத் தொடங்கிவிட்டது. எங்களை வாட்டுவது மறதிதான். காலையில் குடித்த கஞ்சி மத்தியானம் நினைவில் இருக்காது, சொல்லத் தொடங்கிய கதையைப் பாதியில் விட்டுவிட்டு எங்கள் முகத்தைப் பார்ப்பார்.

பின்லாந்தின் ஹெல்சிங்கியில் செய்த ஓர் ஆய்வை வாசித்தேன், 2008இல் வெளிவந்தது. பாரிசவாதம் வந்த 60 பேர், மூன்று குழு. வழமையான சிகிச்சை எல்லாருக்கும் உண்டு. அதோடு ஒரு குழு இரண்டு மாதம் தினமும் இசை கேட்டது, இன்னொன்று ஒலிப்புத்தகம் கேட்டது. சொற்களை நினைவில் வைப்பதிலும் கவனத்தை நிறுத்துவதிலும் இசை கேட்டவர்களே கூடுதலாகத் தேறினார்கள். மனச்சோர்வும் அவர்களுக்குக் குறைவு. என்னை நிறுத்தியது ஒரு விசயம்: பாட்டைத் தெரிவு செய்தது நோயாளிகளே.

அப்பா முல்லைத்தீவு முள்ளியவளையில் கோவலன் கூத்துக்குப் பிற்பாட்டுப் பாடியவர். சரி, சினிமாப் பாட்டை நிறுத்திவிட்டுப் போனில் கூத்துப் பாட்டைப் போட்டோம். மத்தளம் கேட்டதும் இடக்கை தொடையில் தாளம் போட்டது. மூன்றாம் கிழமை, அடுத்த அடியை அவரே எடுத்தார். மூளை தானாகவும் தேறும், தெரியும். குளிசையும் பயிற்சியும் அப்படியே தொடர்கின்றன. ஆனால் நேற்று இரவு, காலையில் கேட்ட பாட்டு எது என்று சரியாகச் சொன்னார். அம்மா அடுப்படிக்குள் போய் அழுதா.

எங்களுடைய கசெற் எல்லாம் 2009 இடப்பெயர்வில் போய்விட்டன. முல்லைமோடி எனும் எங்கள் பக்கத்துக் கூத்துப் பாணியின் பழைய ஒலிப்பதிவு யாரிடமாவது இருந்தால், தயவுசெய்து உள்பெட்டியில் சொல்லுங்கள்.