புடாபெஸ்டும் டான்யூப் வளைவும்

டான்யூப் ஆற்றின் மேற்கே குன்றுகளின் மீது புடாவும், அதற்கு வடக்கே ஓபுடாவும், கிழக்கே சமவெளியில் பெஸ்டும் தனித்தனி ஊர்களாக இருந்தன. 1873-இல் மூன்றும் இணைந்த பிறகே இன்றைய ஹங்கேரியத் தலைநகரமான புடாபெஸ்ட் உருவானது. அதற்கு முன்பே, 1849-இல், சங்கிலிப் பாலம் இரு கரைகளையும் சேர்த்துவிட்டது. 1945 ஜனவரியில் பின்வாங்கிய ஜெர்மானியப் படை தகர்த்த அந்தப் பாலத்தை, அது முதலில் திறக்கப்பட்டதன் நூற்றாண்டான 1949-இல் மீண்டும் திறந்தார்கள்.

ஹங்கேரியரின் முன்னோரான மஜார் இனத்தார் இந்நிலத்துக்கு வந்து ஆயிரம் ஆண்டுகள் நிறைவடைந்ததை 1896-இல் கொண்டாடிய வேகம் நகரெங்கும் தெரிகிறது. நாடாளுமன்றமும் புனித ஸ்டீபன் பேராலயமும் ஒரே உயரம், அந்த ஆண்டை நினைவூட்டும் 96 மீட்டர். அதே ஆண்டில் ஓடத் தொடங்கிய முதல் மெட்ரோ வழித்தடம் எனக்கு இவ்விரண்டையும்விடப் பிடித்தது. சாலையிலிருந்து சில படிகள் இறங்கினாலே நடைமேடை. வெள்ளை ஓடு பதித்த சுவர்கள், தாழ்ந்த கூரை, இரும்புத் தூண்களை உரசிவிடுமோ என்று எண்ணும்படி வரும் சிறிய மஞ்சள் பெட்டிகள்.

அந்த ரயிலிலேயே செசேனி வெந்நீர்க் குளியலகத்துக்குப் போகலாம். பூமிக்கடியிலிருந்து 70 டிகிரிக்கும் அதிகமான வெப்பத்தில் எழும் நீரை ஆற்றிக் குளங்களில் விடுகிறார்கள். மார்பளவு நீரில் நின்றபடி சதுரங்கம் ஆடும் முதியவர்கள், சுற்றிலும் படம் எடுப்பவர்களைப் பொருட்படுத்துவதே இல்லை. துருக்கியர் ஆட்சியின் எச்சமான ருடாஷ் குளியலகமோ இதைவிட அமைதியானது.

ஆயினும் தலைநகரோடு திரும்பிவிடுவது நியாயமல்ல. கிழக்கு நோக்கி வரும் டான்யூப், மலைகளுக்கிடையே தெற்கே திரும்பும் பகுதி நகருக்கு வடக்கே உள்ளது. புறநகர் ரயிலில் சுமார் 40 நிமிடத் தொலைவிலுள்ள செண்டென்ட்ரே, செர்பியக் குடியேறிகளின் தேவாலயங்களால் அழகு பெற்றது. நினைவுப்பொருள் கடைகள்தாம் சற்று மிகுதி. விசெக்ராட் கோட்டைக்கு ஏறுவது மூச்சு வாங்க வைத்தாலும், ஆறு திரும்புவதை முழுவதுமாகக் காண அதைவிட நல்ல இடம் இல்லை. 1335-இல் ஹங்கேரி, போகேமியா (இன்றைய செக் நாட்டுப் பகுதி), போலந்து மன்னர்கள் கூடிய ஊர் இது. 1991-இல் உருவான, மத்திய ஐரோப்பிய நாடுகளின் விசெக்ராட் கூட்டமைப்பின் பெயரும் இங்கிருந்தே வந்தது.

ஆற்றின் போக்குக்கு எதிராக இன்னும் சென்றால் எஸ்டெர்கோம். ஹங்கேரியின் மிகப் பெரிய தேவாலயம் அங்கே குன்றின் மீது நிற்கிறது. உள்ளே அதன் பிரம்மாண்டம் சற்றுக் கனமாகவே பட்டது. இரண்டாம் உலகப் போரில் தகர்ந்து 2001-இல்தான் மீண்டும் திறக்கப்பட்ட மரியா வலேரியா பாலத்தில் நடந்து ஸ்லோவாக்கியாவின் ஷ்டூரோவோவுக்குச் சென்று, அந்தக் கரையிலிருந்து பார்ப்பதையே நான் பரிந்துரைப்பேன். குவிமாடமும் குன்றும் ஆறும் ஒரே பார்வையில் அடங்குவது அங்கிருந்துதான்.