அந்தோணியார் ரொட்டி: மூன்றாவது தடவைதான் சிலுவை நின்றது

ஜூன் 13 அந்தோணியார் திருநாள். பூசை முடிந்து மந்திரித்துக் கொடுக்க 30 குட்டி பன் நானே செய்து தருகிறேன் என்று மே மாதமே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். பன் வந்துவிடும். அதன் தலையில் சிலுவை கீறுவதுதான் பாடு.

முதல் தடவை 500 கிராம் மைதா, 300 மில்லி பால், சர்க்கரையும் வெண்ணெயும் தலா 45 கிராம், உப்பு 9, இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 6. உருட்டிய பிறகு நன்றாக உப்பட்டும் என்று ஒன்றேகால் மணி நேரம் விட்டேன். கத்தி பட்டதும் புஸ்ஸென்று அமுங்கிவிட்டது. சிலுவை இருந்த இடத்தில் வெறும் சுருக்கம்.

அடுத்த தடவை 45 நிமிடம். விரலால் அழுத்தினால் குழி மெதுவாகப் பாதி எழும்பியது; அந்தப் பதம்தான் சரி. ஆனால் கீறியபின் மேலே பால் தடவினேன். பால் கீறலுக்குள் இறங்கி, ஓவனில் இரண்டு பக்கமும் ஒட்டிக்கொண்டது. மறுநாள் தின்றால் தொண்டையை அடைத்தது.

வறட்சிக்கு மருந்து கஞ்சி. மைதாவில் 25 கிராமை 125 மில்லி தண்ணீரில் கெட்டியாகக் காய்ச்சி ஆறவைத்துச் சேர்த்து, பாலை 195 மில்லியாகக் குறைத்தேன். வெந்த மாவு தண்ணீரை விடாமல் பிடித்துக்கொள்கிறது. மாவு பிசுபிசுவென்று கையில் ஒட்டும். பயந்து மைதா தூவக் கூடாது.

ஒவ்வொன்றும் 50 கிராம், தராசில் வைத்துத்தான். இந்த ரொட்டியின் கதையே எடைதானே. இத்தாலியின் பதுவை நகரில் தண்ணீரில் மூழ்கி இறந்த குழந்தை பிழைத்தால், அதன் எடைக்கு எடை தானியம் ஏழைகளுக்குத் தருவதாகத் தாய் அந்தோணியாரிடம் நேர்ந்துகொண்டாளாம். என் தராசு 5 கிலோவைத் தாண்டாது, அது வேறு விஷயம்.

மூன்றாவது தடவை முதலில் பால் தடவி, மூடாமல் 15 நிமிடம் ஃபிரிட்ஜில் வைத்தேன். மேல்தோல் லேசாகக் காய்ந்து இறுகியது. புது சவர பிளேடை எண்ணெயில் தொட்டு, அரை சென்டிமீட்டர் ஆழம், ஒரே இழுப்பு. 190 டிகிரியில் 16 நிமிடம். தேன் நிறத் தலையில் வெள்ளை வெளேரென்று சிலுவை விரிந்திருந்தது. கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே நின்றேன்.

12ஆம் தேதி இரவு இரண்டு ஈடாக 36 சுட்டேன். காலையில் அழுத்திப் பார்த்தேன், பஞ்சுதான். அவசரத்தில் கீறிய இரண்டில் மட்டும் சிலுவை மூடிப்போயிருந்தது. அவை காப்பியோடு போயின.