இடஞ்சுழியிலிருந்து வலஞ்சுழிக்கு

மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்து ஜனவரி 28-இல் மூடுவது டெல்டாவின் பழைய கணக்கு. அணை மூடியிருக்கும் மாதங்களே எங்கள் தாய்மாமன் வீட்டில் சீட்டாட்டக் காலம். சம்பா அறுவடை முடிந்து, அரசலாற்றில் வெறும் மணல் கிடக்க, வயலில் உளுந்து தன்பாட்டில் காய்த்துக்கொண்டிருக்கும் பங்குனிப் பிற்பகல்களில், திண்ணையில் பாய் விரித்து நால்வராக உட்கார்ந்து முன்னூற்று நாலு ஆடுவோம். எட்டு வயதில் கற்ற அந்த ஆட்டம் என் கைகளில் எவ்வளவு ஆழமாக ஊறியிருந்தது என்பது, நாற்பத்து நான்காம் வயதில் தஞ்சாவூரில் ஒரு மனமகிழ் மன்றத்தின் மாடியில் பிரிட்ஜ் என்ற சீட்டாட்டம் கற்க உட்கார்ந்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

சீட்டு கற்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது நல்ல வரவேற்பு இல்லை. எங்கள் பக்கத்தில் சீட்டு என்றால் ஆற்றங்கரை அரசமரத்தடியும், பணம் வைத்து ஆடுபவர்களும், பிறகு போலீஸும்தான் நினைவுக்கு வரும். 2018-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் பிரணாப் பர்தன், ஷிப்நாத் சர்க்கார் இருவரும் பிரிட்ஜில் இந்தியாவுக்குத் தங்கம் வென்றதை என் மனைவியிடம் எடுத்துச் சொன்னேன். பர்தனுக்கு அப்போது அறுபது வயது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். "உங்களுக்கு இன்னும் பதினாறு வருஷம் இருக்கிறது" என்று சொல்லிவிட்டு அவர் அடுப்படிக்குப் போய்விட்டார்.

விதிகள் என்று பார்த்தால் பிரிட்ஜில் மிகக் குறைவு. பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒரு சார் அவற்றை ஒரே மாலையில் சொல்லி முடித்துவிட்டார். நால்வர், எதிரெதிரே இருப்பவர்கள் ஜோடி, ஆளுக்குப் பதின்மூன்று சீட்டு, இறக்கிய இனத்தையே தொடர்ந்து போட வேண்டும், இல்லையென்றால் துருப்பால் வெட்டலாம். முன்னூற்று நாலு தெரிந்தவனுக்கு இவற்றில் எதுவும் புதிதன்று, என் சிக்கலும் அந்தப் பழக்கத்திலேயே இருந்தது. எங்கள் ஆட்டத்தில் ஜாக்கிதான் அரசன். அதற்கு முப்பது புள்ளி, ஒன்பதுக்கு இருபது, ஆஸுக்குப் பதினொன்று, பத்துக்குப் பத்து, ராஜாவுக்கு மூன்று, ராணிக்கு இரண்டு, ஆக இனத்துக்கு எழுபத்தாறு, நான்கு இனமும் சேர்ந்து 304. பிரிட்ஜிலோ ஆஸ், ராஜா, ராணி ஆகிய மூவருக்கும் அடுத்து நான்காவது இடத்தில்தான் ஜாக்கி நிற்கிறான். கையை மதிப்பிடும்போது அவனுக்குக் கிடைப்பது ஒரே ஒரு புள்ளி. ஒன்பதுக்கு அதுவும் இல்லை. முதல் இரண்டு மாதம், ஜாக்கியும் ஒன்பதும் சேர்ந்து வந்த கையை எடுத்தவுடன் என் முகம் தானாக மலர்ந்துவிடும். எதிரணியினர் அதைக் கண்டு ஏமாந்ததும் உண்டு, அது என் சாமர்த்தியம் அன்று.

அடுத்தது கேள்வி. எங்கள் வீட்டில் கேட்பது என்பது துருப்பு வைக்கும் உரிமைக்கான ஏலம், அவ்வளவே. முடிந்தவரை குறைவாகக் கேட்டு நிறையப் பிடிப்பதே கெட்டிக்காரத்தனம். பிரிட்ஜில் அந்தக் கெட்டிக்காரத்தனம் கையைச் சுடும். ஸ்பேட் துருப்பில் நான்கு கேட்டு, அதாவது ஆறுக்கு மேல் நான்காகப் பத்துப் பிடி எடுப்பதாக வாக்குக் கொடுத்து, பத்து எடுத்தால் சாதாரண நிலையில் 420 புள்ளி. மூன்று கேட்டு அதே பத்துப் பிடியை எடுத்தால் 170 மட்டுமே. ஆட்டம் ஒன்றுதான், சீட்டும் ஒன்றுதான், வாய் திறந்து சொன்னதில்தான் வேறுபாடு. இதற்கு முந்தைய வடிவத்தில், கேட்காமல் எடுத்த பிடிகளும் முழு ஆட்டத்துக்கான கணக்கில் சேர்ந்துகொண்டிருந்தன. 1925-இல் பனாமா கால்வாய் வழியாகச் சென்ற ஒரு கப்பலில் ஹெரால்டு வாண்டர்பில்ட் என்ற அமெரிக்கச் செல்வந்தர் இந்த மதிப்பெண் முறைக்கு உருவம் கொடுத்து, சக பயணிகளுடன் ஆடிப் பார்த்தார். எங்கள் மாமாவைப் போன்ற ஆட்டக்காரர்களுடன் ஆடி மனம் நொந்துதான் செய்திருப்பார் என்பது என் ஊகம்.

ஆனால் கேள்வியின் உண்மையான பயன் ஏலம்கூட அன்று. அது ஜோடியிடம் பேசும் மொழி. இதை நான் கற்ற விதம் சற்று அவமானகரமானது. எனக்கு ஜோடியாக அமைந்தவர் கல்லூரியில் கணிதம் கற்பித்து ஓய்வு பெற்ற ஒரு மேடம். நான் துருப்பில்லாமல் ஒன்று கேட்டேன். பதினைந்து முதல் பதினேழு புள்ளி இருக்கிறது, நான்கு இனமும் ஓரளவு சமமாக இருக்கின்றன என்பது அதன் பொருள். மேடம் கிளாவர் இரண்டு என்றார். அவருக்குக் கிளாவர் பிடித்திருக்கிறது போலும் என்று எண்ணி நான் பாஸ் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மீண்டும் போட்டுக்கொண்டார். கேட்டு எடுத்தவர் மேடம், ஆகவே முறைப்படி ஜோடியான நான் என் கையை மேசையில் பரப்பிவிட, இரண்டு கையையும் அவரே ஆடினார். என் கையில் கிளாவர் மூன்று, அவரிடம் இரண்டே இரண்டு. எதிரணியிடம் எட்டுத் துருப்பு. "தம்பி, என்னிடம் கிளாவர் இருக்கிறது என்று யார் சொன்னது? ஆட்டினோ ஸ்பேடோ உங்களிடம் நான்கு இருக்கிறதா என்று கேட்டேன்" என்றார். ஸ்டேமன் என்ற அமெரிக்க ஆட்டக்காரரின் பெயரால் வழங்கும் இந்தக் குறிமுறை உலகமெங்கும் பாலபாடம் என்பதை அன்றிரவு சார் விளக்கினார்.

குறிமுறை என்றதும் எனக்கு உற்சாகம் பிறந்தது. எங்கள் வீட்டில் மாமாவும் பாட்டியும் ஜோடி சேர்ந்தால் மாமா இடது காதைத் தடவுவார். கையில் ஜாக்கி இருக்கிறது என்று அதற்குப் பொருள். துண்டை உதறிப் போட்டால் ஒன்றும் இல்லை என்று பொருள். அதை ஆட்டத்தின் ஓர் அங்கமாகவே கண்டு வளர்ந்தவன் நான். ஆகவே, இன்னின்ன கேள்விக்கு இன்னின்ன ரகசியப் பொருள் என்று நாமிருவரும் வைத்துக்கொள்ளலாமே என்று மேடத்திடம் சொன்னேன். பொருள் எதை வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம், ரகசியமாக வைத்துக்கொள்ளக் கூடாது என்றார். ஜோடிக்குள் இருக்கும் ஒவ்வோர் உடன்பாட்டையும் எதிரணி அறிந்திருக்க வேண்டும். அவர்கள் கேட்டால் விளக்க வேண்டும். வழக்கத்துக்கு மாறான பொருள் என்றால் அவர்கள் கேட்கும் முன்பே அட்டையைக் காட்டி எச்சரிக்க வேண்டும். போட்டிகளில் கேள்வியைக் குரலில் சொல்வதே இல்லை; குரலின் ஏற்ற இறக்கம் சேதி சொல்லிவிடுமாம். ஆளுக்கொரு பெட்டி, அதில் அச்சிட்ட அட்டைகள், வேண்டியதை எடுத்து மேசையில் வைக்க வேண்டும். எதைக் கற்பதற்கும் எனக்கு இவ்வளவு கூச்சம் ஏற்பட்டதில்லை. ஒரு நாள் யோசித்துக்கொண்டே என்னை அறியாமல் காதைச் சொறிந்துவிட்டு, மற்ற மூவரையும் நிமிர்ந்து பார்த்தேன்.

இனி சுழற்சியைச் சொல்ல வேண்டும். காவிரி வலமாகச் சுழித்துச் சென்றதால் அப்பெயர் பெற்றதாகத் தலபுராணம் கூறும் திருவலஞ்சுழிக்குப் பக்கத்து ஊர்க்காரன் நான். ஆனால் எங்கள் முன்னூற்று நாலு சுற்றுவதோ இடஞ்சுழி. சீட்டுப் போட்டவருக்கு வலக்கைப் பக்கம் இருப்பவரே முதல் சீட்டை இறக்குவார். பிரிட்ஜ் கடிகாரத்தைப் போல வலஞ்சுழி. ஆட்டத்தைக் கேட்டு எடுத்தவருக்கு இடக்கைப் பக்கம் இருப்பவர்தான் தொடங்க வேண்டும்.

கும்பகோணத்தில் ஒரு சிறிய போட்டி. முறைப்படி அந்த போர்டில் (நான்கு கைகளையும் வைத்து மேசைக்கு மேசை அனுப்பும் தட்டு) சீட்டுப் போட்டவரும் கேட்டு எடுத்தவரும் ஒருவரே, ஸ்பேட் நான்கு, நான் அவருக்கு வலப்பக்கம். என்னிடம் ஆட்டின் ராஜாவும் ராணியும் இருந்தன. கை முந்திக்கொண்டது, ஆட்டின் ராஜாவை முகம் தெரிய மேசையில் இறக்கிவிட்டேன். தொடங்க வேண்டியவர் மேடம். கேட்டு எடுத்த எதிராளி கோபப்படவில்லை, கையைத் தூக்கி நடுவரை அழைத்தார். நடுவர் வந்து சட்டப் புத்தகத்தைப் பிரித்து, அவருக்கு உள்ள ஐந்து வழிகளைத் தெளிவாகப் படித்தார். அந்தச் சீட்டை ஏற்றுக்கொண்டு தன் கையையே பரப்பிவிட்டு ஆட்டத்தை ஜோடியிடம் விடலாம். ஏற்றுக்கொண்டு ஜோடியின் கையைப் பரப்பச் சொல்லித் தானே ஆடலாம். மேடத்தை ஆட்டின்தான் இறக்க வேண்டும் எனலாம். ஆட்டின் இறக்கக் கூடாது எனலாம். அல்லது என் ராஜாவைத் தண்டனைச் சீட்டாக மேசையிலேயே கிடத்திவிட்டு மேடத்தின் விருப்பத்துக்கு விடலாம். அவர் சற்றே சிரித்து, "ஆட்டின் வேண்டாம்" என்றார். ராஜா என் கைக்குத் திரும்பினான். ஆட்டின் ஆஸ் மேடத்தின் கையில் இருந்தது. அவர் வேறு வழியின்றி டைமன் இறக்க, எதிராளி துருப்புகளை வாங்கிக்கொண்டு, ஜோடியின் டைமன்களில் தன் ஆட்டின்களைக் கழித்துவிட்டுப் பத்துப் பிடி எடுத்தார்.

திண்ணையில் இது நடந்திருந்தால், "எடுத்துக்கோ, எடுத்துக்கோ" என்று முடிந்திருக்கும், அல்லது சண்டையில் முடிந்திருக்கும். இங்கு இன்னொரு கொடுமையும் உண்டு. இறக்கிய சீட்டை நடுவில் குவிக்காமல் அவரவர் முன்னால் கவிழ்த்து வைக்கிறோம், வென்ற பிடி என்றால் நெடுக்காக, தோற்றால் குறுக்காக. ஆட்டம் முடிந்ததும் நான்கு கைகளும் போர்டின் நான்கு பைகளுக்குள் அப்படியே போய் அடுத்த மேசைக்கு நகர்கின்றன. ஆகவே சீட்டு சரியாக வரவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அதே கையுடன் மற்ற மேசைகளில் இருந்தவர்கள் அந்த ஆட்டத்தைத் தோற்கடித்திருந்தார்கள்.

இந்தச் சித்திரையில் ஊருக்குப் போனபோது மீண்டும் பாய் விரித்தார்கள். நானும் அத்தையும் ஒரு பக்கம், மாமாவும் பாட்டியும் எதிரே. கேள்வி சுற்றி வரும்போது மாமா இடது காதைத் தடவினார். நான் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "மாமா, அதற்கு என்ன பொருள் என்று முதலில் எதிரணிக்குச் சொல்லிவிட வேண்டும், அதுதான் முறை" என்றேன்.

அத்தை கையிலிருந்த சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஜாக்கி இருக்குன்னு அர்த்தம். முப்பது வருஷமா எல்லாருக்கும் தெரியும். நீ கேள்வியைச் சொல்லுப்பா" என்றார்.